பாக்கியத்தின் வயிற்றுக்கு அடியில்

அன்புள்ள இளங்கோ,

வியாழக்கிழமை காலை யானைக்கான அந்தப் படிவம் திண்டிவனத்தில் உன் மேசைக்கு வந்துவிடும் என்று உன் மாமனாராகப் போகிறவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்று திங்கள். உன்னிடம் பேச மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன், மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிடுவேன். காகிதத்தில் அப்படி விழுங்க முடியாது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் நோட்டுகளில் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தவள் நான். இந்த முறை சுழிக்க வேண்டியது என் பிழையை. இதில் ஒரு பிரதி உனக்கு, இன்னொன்று நான் வாசிக்கும் வாரப் பத்திரிகைக்கு. வீட்டு விஷயத்தைப் பத்திரிகைக்கு எழுதுகிறாளே என்று நீ கோபப்படலாம். ஊர் பார்க்க ஒருவர் மேல் பழி விழுந்தது. அதை உன் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லி எடுத்துவிட முடியாது.

நேற்று அவர் நம் வீட்டுக்கு வந்ததை நீயும் பார்த்தாய். ஒரு பை நிறைய வறுத்த வேர்க்கடலையை மேசைமேல் வைத்தார். "நம்ம மில்லுக்கு வந்த மல்லாட்டைங்க சம்பந்தியம்மா. கடிக்கப் பல்லு இருக்குதில்ல?" என்றார். "என் பல்லு கெட்டியாத்தான் இருக்கு, உக்காருங்க" என்றேன். எனக்கு அவரைப் பிடிக்கும். மனதில் பட்டதை உடனே பேசிவிடுகிற மனிதர். ஆனால் அவர் அடுத்துப் பேசியதைக் கேட்டபோது கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

"கோயில் கும்பாபிஷேகத்துக்கு யானை வந்து நாலு நாளு ஆவுதுங்க. செல்லம்மான்னு பேரு. கமிட்டில நான்தான் பேசி முடிச்சேன். வெள்ளிக்கிழம கோயில் வேல முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழம நம்ம கல்யாணம். அதுவரைக்கும் தோப்புல சும்மாத்தான நின்னுகினு இருக்கும்? கோயில்ல இருந்து மண்டபம் ரெண்டே தெரு. மாப்ளைக்கு மாலையப் போட்டுட்டுத் திரும்பிடும். திண்டிவனமே ஒரு வருஷத்துக்குப் பேசும்."

அனுமதி வேண்டுமே என்று கேட்டேன். "அதெல்லாம் கோயிலுக்குன்னு வாங்கியாச்சுங்க. மாட்டு டாக்டர் சர்டிபிகேட்டு ஒண்ணுதான் பாக்கி" என்று உன் தோளைத் தட்டிச் சிரித்தார். "மாப்ளையே டாக்டரு. கையெழுத்துக்கு நாம என்ன வெளியூருக்கா போவணும்?"

நீ மெதுவாகச் சொன்னாய்: "முன்னங்கால் நகத்துல சீழ் மாதிரி இருக்கு மாமா."

"எனக்குந்தான் காலாணி இருக்குது. நான் நடக்கல? ஜல்தியா போட்டுக் குடு மாப்ள. பேஜாரு பண்ணாத."

நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்புக்கொள்ள மனமும் இல்லாமல் மறுக்கத் துணிவும் இல்லாமல் சிரிக்கிற சிரிப்பு அது. அவர் போன பிறகு, காலைத் தூக்கிப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை, தள்ளி நின்றுதான் பார்த்தேன் என்றாய். எவ்வளவு தள்ளி என்றேன். "ஒரு ஆறடி இருக்கும்மா" என்றாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்குத் தெரியாதா? யானைன்னா எனக்குக் கை நடுங்கும். ஒரு கையெழுத்துதான, விடும்மா" என்று எழுந்து போனாய்.

எனக்குத் தெரியும். கன்று திரும்பிக் கிடக்கிற பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுகிறவன் நீ. கட்டுக்கடங்காத காளையின் மூக்கணாங்கயிற்றைத் தனியாகப் பிடித்து நிறுத்தியவன் என்று உன் ஆபீஸில் சொல்கிறார்கள். யானைக்கு மட்டும் ஆறடி. நாலு வயதில் ஒரு யானை உன்னை நசுக்கப் பார்த்தது என்று சொல்லி உன்னை வளர்த்தேன். நீயும் அதை நம்பி வளர்ந்தாய். அந்தக் கதையில் ஒரு வரி பொய். அந்த வரி என்னுடையது.

அதைச் சொல்லுமுன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பிள்ளையார் கோயில் யானை லட்சுமி காலை நடைக்குப் போன தெருவிலேயே விழுந்து இறந்தாள் அல்லவா, அன்றைக்கு நான் கண் பரிசோதனைக்காக அங்கே போயிருந்தேன். ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "என்னை மன்னிச்சிக்கங்கம்மா, நான் அவளப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஓடினார். ஊரே அழுதது. நான் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. அரிசிக்காக வீடுகளை உடைத்த காட்டு யானை அரிக்கொம்பனை மயக்கி லாரியில் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கொண்டுபோய் விட்ட காட்டிலிருந்து தன் இடத்தைத் தேடி நடந்தே திரும்பிய சின்னத்தம்பியைக் காட்டினார்கள். நீ சேனலை மாற்றுவாய். பையனுக்குப் பயம் என்று உன் அப்பா நினைத்தார். நீ மாற்றியதில் எனக்கும் நிம்மதி என்பது அவருக்குத் தெரியாது. காட்டு யானைக்குப் பெயர் வைத்து லாரி அனுப்புகிறோம். கோயில் யானைக்குப் பெயர் வைத்துச் சங்கிலி போடுகிறோம். பெயர் வைத்துவிட்டாலே அது நம் வீட்டுப் பிள்ளை, நம் பேச்செல்லாம் அதற்குப் புரியும் என்று ஒரு நினைப்பு நமக்கு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

விழுப்புரத்தில் அப்போது கோயில் யானை பாக்கியத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் கடைத்தெருவில் அவள் மணிச்சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் வாழைப்பழத்தோடு வெளியே வருவார்கள். பஸ் டிரைவர்கள் எஞ்சினை நிறுத்தி வழிவிடுவார்கள். சின்ன வயதிலேயே கேரளத்திலிருந்து வந்தவள். கூடவே வந்த பாகன் குட்டன். ஊர் முழுக்க அவரை அவன் இவன் என்றுதான் பேசினோம், நானும்தான். அவர் என்று எழுத எனக்கு இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. அவர் எங்களிடம் பேசுவது ஒருமாதிரித் தமிழ், அவளிடம் பேசுவது மலையாளம். அவளுக்கு எந்தப் பேச்சு தெரியும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. "பாக்கியம், இங்க பாரு", "பாக்கியம், நல்லா இருக்கியா" என்று எல்லோரும் அவளிடம் தமிழில்தான் பேசினோம். அவள் தும்பிக்கையை ஆட்டினால் பதில் சொல்கிறாள் என்று மகிழ்ந்தோம்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவன் நீ. நம் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம். ரயில் ஊதினால் உன் உடம்பு விறைத்துவிடும், கண் மேலே சொருகும். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். யானையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைந்து வந்தால் பிள்ளைக்குப் பயம் தெளியும் என்று உன் அப்பா சொன்னபோது நான் சிரித்தேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவள், இதையெல்லாம் நம்புவேனா என்றேன். பிறகு ஒரு நாள் நீ விறைத்துக் கிடந்து கண்ணைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் நானே பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

சித்திரை வெயில், காலை பத்து மணி. பாக்கியம் கோயில் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "பாரு, உன்னப் பாத்து டான்ஸ் ஆடுது" என்று யாரோ உன்னிடம் சொன்னார்கள். குட்டன் என்னிடம் வந்தார். "இன்னைக்கு வேண்டா சேச்சி. இவளுக்குக் கால் சரியில்லா. ரோட்டுல சூடு. ரெண்டு நாள் கழிஞ்சு வாங்கோ." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லீவு போட்டுட்டு வந்திருக்கேன். நாளைக்குப் பரீட்சை. மூணு நிமிஷ வேலைக்கு இன்னொரு நாள் வரச் சொல்றியா?" வகுப்பில் பேசுகிற அதே குரல். அவர் அவள் காதோரம் போய் நின்றுகொண்டார். கோயில் கமிட்டியில் இருக்கிறவரின் மனைவியிடம் பாகன் என்ன பேசுவார்?

உன் அப்பா அந்தப் பக்கம் நின்று உன்னை உள்ளே விட்டார். நான் இந்தப் பக்கம் குனிந்து கையை நீட்டி வாங்கினேன். முதல் முறை ஓடி வந்தாய். இரண்டாவது முறை சிரித்துக்கொண்டே வந்தாய். மூன்றாவது முறை நடுவில் வந்தபோது பாக்கியம் அந்தக் காலைத் தூக்கினாள். நீ பயந்து அப்படியே நின்றுவிட்டாய். கால் கீழே இறங்கும்போது நீ ஓடி வந்து அதன் அடியில் மாட்டிக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றியது. உன்னைப் பார்த்து அலறினேன்: "இரு! இரு! அங்கயே இரு!"

நகராதே, அந்த இடத்திலேயே நில் என்று உனக்குச் சொன்னேன். பாக்கியத்தின் காதில் விழுந்தது வேறு. அவளை உட்கார வைக்கக் குட்டன் சொல்லும் சொல் 'இரி'. பன்னிரண்டு வருடமாகத் தினமும் கேட்ட சொல். யாரோ அதட்டிச் சொன்னார்கள், அவள் கீழ்ப்படிந்தாள். பின்னங்கால்கள் மடியத் தொடங்கின. அந்த உடம்பு உன் தலைக்குமேல் இறங்கி வந்ததை நான் பார்த்தேன். நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் அப்பா அவள் உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்துபோனார். குட்டன்தான் அவள் காதோரத்திலிருந்து ஏதோ கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தார். உன்னை என் மேல் தள்ளினார். அவர் கால் வெளியே வருவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். எலும்பு முறிகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

அவர் அலறியதும் அவள் உடனே எழுந்துவிட்டாள். தும்பிக்கையை நீட்டி அவர் மேலெல்லாம் முகர்ந்தாள். யானை அவரைத் தூக்கி அடிக்கப் போகிறது என்று கூட்டம் கத்தியது. கல் விழத் தொடங்கியது. நேற்றுவரை வாழைப்பழம் கொடுத்தவர்கள் எறிந்த கற்கள். கீழே கிடந்தபடியே குட்டன் கையை ஆட்டி, "எறியாதீங்கோ, எறியாதீங்கோ" என்று கெஞ்சினார். அவள் ஓடவில்லை. யாரையும் தொடவில்லை. அவருக்கு வெயில் படாதபடி குறுக்கே நின்றாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம், அதனால் அதைச் சாட்சியாக வைக்க மாட்டேன்.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்டுக் கிடந்தார். முதலில் உன்னைப் பற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆரோ 'இரி'ன்னு சொல்லிச்சு சேச்சி. நான் கேட்டேன். அவ அதக் கேட்டுத்தான் இருந்தா. அவமேல தப்பில்லா. கமிட்டிக்கிட்ட அத மட்டும் சொல்லணும்." அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. படுக்கைக்கு இரண்டடியில் நின்றிருந்தேன். "நான்தான்" என்று ஒரு சொல் போதும். ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லி வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் உன் அப்பா கேட்டார், "நீ ஏதாச்சும் கத்தினியா?" இல்லை என்றேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, அல்லது கேட்டும் என்னிடமே விட்டுவிட்டாரோ என்னவோ. அதன் பிறகு இருபத்தேழு வருடம் அவரோடு வாழ்ந்தேன். அவர் அதை மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கமிட்டி விசாரணை வைத்தது. நேரில் பார்த்தவர் என்று என்னிடம் எழுத்தில் கேட்டார்கள். "யானைக்கு எவரும் எந்தக் கட்டளையும் இடவில்லை. அது தானாகவே உட்கார்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் யானைக்குக் கட்டளை இடவில்லைதான், பேசியது என் பிள்ளையிடம். வார்த்தையளவில் பொய் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வார்த்தையைப் பொறுக்கி எழுதத் தெரிந்தவள் சொல்லும் பொய் அப்படித்தான் இருக்கும். என் வகுப்பில் ஒரு பெண் அப்படி எழுதியிருந்தால் அவளை வாசலில் நிற்க வைத்திருப்பேன். ஏன் எழுதினேன்? பயமா என்றால் இல்லை, என்னை யாரும் ஜெயிலில் போட்டிருக்க மாட்டார்கள். கர்வம்தான். படித்த அம்மா கத்திப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று கடைத்தெருவில் பேசுவார்களே என்ற கர்வம். கான்வென்ட்டில் கத்தோலிக்கப் பெண்கள் பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாதிரியாரிடம் செய்த தப்பைச் சொல்லிவிட்டு முகம் லேசாகித் திரும்பி வருவார்கள். பதிமூன்று வயதில் எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். நம் வீட்டில் அப்படி ஒரு கூண்டு இல்லை.

நான் கையெழுத்திட்ட காகிதத்தை வைத்துத்தான் பாக்கியம் மூர்க்க யானை ஆனாள். குட்டன் பொய் சொல்கிறான், அங்குசம் இல்லாமல் மெத்தனமாக இருந்துவிட்டு இப்போது யானையைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றார்கள். அவளை ஒரு விடிகாலையில் லாரியில் ஏற்றினார்கள். எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. நாலு காலுக்கும் சங்கிலி போட்டு வைத்திருந்ததாக ஒருவர் சொன்னார், அதிக நாள் இருக்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். குட்டன் ஊன்றுகோலோடு ரயில் ஏறிப் போனார். அன்றைக்கு நம் வீட்டு வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "யானை ஏம்மா என்ன நசுக்க வந்துச்சு?" என்று நீ கேட்டாய். "அது கெட்ட யானைடா" என்றேன்.

அந்த ஒரு பதில் உன்னை ஆறடி தள்ளி நிறுத்தியிருக்கிறது. ஆறடி தள்ளி நின்று நீ கையெழுத்துப் போட்டால் அந்தப் பாவத்தில் பாதி எனக்கு. இதைத்தான் வியாழக்கிழமைக்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இதுவரை திங்களன்று எழுதியது. எழுதிய பிறகும் மனம் அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். தோப்பு ஊருக்கு வெளியே, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். எட்டரை மணிக்கே தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி வந்தது. செல்லம்மா மாமரத்தடியில் நின்று இடது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பாகனின் பெயர் மணி, முப்பது வயதுக்குள் இருக்கும். யார் என்று கேட்டான். டாக்டருடைய அம்மா என்றேன்.

"எந்த டாக்டரும்மா?"

"கையெழுத்துப் போடப் போற டாக்டர்."

அவன் கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டான். "போட்டுட்டாருங்களா?"

"இன்னும் இல்ல. போடணும்ங்கறியா, வேணாம்ங்கறியா?"

"நான் என்னத்தங்க சொல்றது? போட்டுட்டாருன்னா நான் கூட்டிக்கினு வந்துதான் ஆவணும். மாட்டேன்னா வேற ஆள வெச்சிக்குவாங்க. அவன் இவள அடிச்சி நடத்துவான். பேண்டு செட்டாம், சரவெடியாம். தாரு எப்புடிக் கொதிக்குதுன்னு பாத்தீங்கல்ல? வலி தாங்காம சட்டுனு திரும்பினாள்னா பக்கத்துல நிக்கிறது நான்தான. மாப்ளையும்தான்." பிறகு சிரித்தான். "டாக்டரு சாரு நல்லவருதாங்க. ஆனா அங்கயே நின்னுகினு பாத்துட்டுப் போயிட்டாரு. நாங்கூட அவருக்குக் கிட்டத்துல கண்ணு சரியா தெரியாதோன்னு நெனச்சேன்."

காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். "நீங்க தள்ளி நில்லுங்கம்மா" என்றான். தள்ளி நின்று பார்க்க இவ்வளவு தூரம் வரவில்லை என்றேன். "டீச்சருங்களா? அதட்டுறதுலயே தெரியுது" என்றான். அவளிடம் ஏதோ மெதுவாகச் சொல்லி முழங்காலைத் தட்டினான். அவள் காலைத் தூக்கி ஒரு மரக்கட்டைமேல் வைத்தாள். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். எந்தச் சொல்லும், இருமல்கூட, வெளியே வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நகத்துக்கு அடியில் புளியங்கொட்டை அளவு ஓட்டை. நாற்றம். சுற்றிலும் தொட்டேன், கொதித்தது. என் விரல் பட்டதும் அந்தப் பெரிய கால் நடுங்கியது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தும்பிக்கை என் தலைக்கு மேலே வந்து, நரைமுடியை முகர்ந்துவிட்டுப் போனது. எழுந்திருக்க முடியாமல் மணியின் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று புதன். இந்தக் கடிதத்தை உறையில் போடலாம் என்று இருந்தபோது மூன்று மணிக்கு நீ போன் செய்தாய். நீ பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது.

"மா, செல்லம்மா கால நீ தொட்டியாமே?"

"அந்தப் பையன்கிட்ட சொல்லாதன்னு சொன்னேனே."

"வயசான உங்கம்மா கீழ ஒக்காந்துகினு பாத்தாங்க சார், நீங்க ரோட்ல இருந்து பாக்கறீங்கன்னு சிரிக்கிறான். மானம் போச்சு. தூக்கச் சொல்லிட்டேன்."

"கை?"

"நடுங்கிச்சு. நடுங்கிக்கினேதான் பாத்தேன். உள்ள ரெண்டு விரல் ஆழம் போவுதும்மா. கீறிச் சீழ எடுத்துட்டேன். ஒரு மாசத்துக்கு மேல ரோட்ல கால் வைக்கக் கூடாது. படிவம் வர்ற வரைக்கும் காத்திருக்கல. தகுதி இல்லன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"உன் மாமனார்?"

"கத்தினாரு. கும்பாபிஷேகத்தையும் சேத்துக் கெடுத்துட்டியேடான்னாரு. கமிட்டிக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னாரு. போன வெச்சிட்டாரு."

"கல்யாணம்?"

"தெரியலம்மா. தேன்மொழி அவங்கப்பாகிட்ட பேசிக்கினு இருக்கா."

நீ போனை வைத்ததும் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு இந்தக் காகிதங்களை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன். ஒரு மணி நேரம் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ கையெழுத்துப் போடவில்லை. நான் சொல்லாமலே சரியானதைச் செய்துவிட்டாய். இனிமேல் இந்தக் கடிதம் எதற்கு? உன் கல்யாணம் ஏற்கெனவே ஒரு நூலில் தொங்குகிறது. மாப்பிள்ளையின் அம்மா பொய்ச்சாட்சி எழுதியவள் என்று பத்திரிகையில் வேறு வர வேண்டுமா? இருபத்தொன்பது வருடத்துக்கு முன் என்னை ஆட்டி வைத்த அதே கர்வம், இப்போது உன் நன்மை என்ற பெயரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதை அடையாளம் காண எனக்கு அந்த ஒரு மணி நேரம் ஆயிற்று.

சம்பந்தி இதைப் படிக்கட்டும். படித்துவிட்டு இந்த வீட்டில் பெண் கொடுக்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அதற்கு நான்தான் காரணம், நீ இல்லை. அதை அவரிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன். தேன்மொழியிடமும் சொல்வேன். உன்னிடம் ஒன்றே ஒன்று. இன்றைக்கு நடுங்கும் கையோடு நீ ஒரு யானையின் காலைப் பிடித்தாயே, உன்னைக் கொல்ல வந்த இனம் என்று நம்பிக்கொண்டேதான் பிடித்தாய். உன் துணிச்சல் எனக்குப் பெருமை. அந்த நம்பிக்கையை மட்டும் விட்டுவிடு. உன்னைக் கொல்ல எந்த யானையும் வரவில்லை. சொன்னதைக் கேட்ட ஒரு யானையும், காலைக் கொடுத்து உன்னை எடுத்த ஒரு மனிதரும்தான் அன்று அங்கே இருந்தார்கள்.

தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும், கிளம்புகிறேன். குட்டன் உயிரோடு இருந்தால் எழுபதை நெருங்கியிருப்பார். ஒற்றப்பாலம் பக்கம் ஏதோ ஒரு கிராமம் என்று அப்போது கோயிலில் சொல்லிக்கொண்டார்கள். பத்திரிகைக்குப் போகும் பிரதியின் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். உனக்கும் அதை எழுதுகிறேன், உன் வேலையில் நாலு ஊர்ப் பாகர்களைப் பார்ப்பாய் அல்லவா. விழுப்புரத்தில் பாக்கியத்தோடு இருந்த, வலதுகால் முறிந்த குட்டனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவரிடம் இதைக் கொண்டு போகட்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற பேச்சில், அவசரப்படாமல் படித்துச் சொல்லட்டும்.

அம்மா